கடித்த வடையின் அளவு

டிசம்பர் 28, ஞாயிறு

எங்கள் காலனிக்கு இருபத்தைந்து வயது ஆகிறது. விழாவுக்கு இந்த முறை மெல்லிசைக் குழு வேண்டாம், நாமே ஒரு குறும்படம் எடுத்துக் குடியரசு தினத்தன்று திரை கட்டிப் போடலாம் என்று சங்கத்தில் முடிவாகிவிட்டது. செயலாளர் பலவேசம் அண்ணாச்சி வீடு வீடாக ஏறிக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் எழுதியதைக் கொண்டு சேர்த்தவருக்கு இப்போது தானே எழுத வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது.

கதை இதுதான். வடைக்கடை வைத்திருக்கும் பெண்ணை ஒருவன் காதலிக்கிறான். உண்மையில் வடையைக் காதலிக்கிறான். அவளும் அவனைக் காதலிக்கிறாள். உண்மையில் அவன் ஓட்டிவரும் பைக்கை. அவன் இன்னொரு வடை கேட்கிறான், பிறகு மதியச் சாப்பாடு, பிறகு கடையையே. அவள் பைக்கில் ஒரு சுற்று கேட்கிறாள், பிறகு சாவி, பிறகு அவன் ஊரில் இருப்பதாகச் சொன்ன வயல். கல்யாணத்தன்று பைக் இரவல், கடை வாடகை, வயல் இல்லவே இல்லை என்று தெரிந்துபோகிறது. தட்டில் மிச்சம் ஒரே ஒரு வடை. இரண்டு பேர் கையும் அதன்மேல். படத்தின் பெயர் 'இன்னொண்ணு'.

"காதல்ல பேராசை வந்தா என்ன ஆகும்ங்கிறதுதாம்மா கரு. சனங்க வயிறு வலிக்கச் சிரிக்கணும்," என்றார் அண்ணாச்சி. அதைச் சொல்லும்போது அவர் முகம் தந்தி கொடுக்க வந்தவர் முகம்போல இருந்தது.

கோ.நா.வுக்குப் பதவி உயர்வுக் கடிதம் வந்திருக்கிறது. (கோமதிநாயகம் என்று முழுப்பெயர் எழுதக் கை வருவதில்லை. இருபத்தொரு வருடமாக இந்த நோட்டுகளில் கணவர் கோ.நா.தான்.) நாக்பூர். மூன்று வருடம். சம்மதமா இல்லையா என்று ஜனவரி 30க்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் இனி அடுத்த வாய்ப்பு ஓய்வு பெறுவதற்குள் வருமா என்பது சந்தேகம்.

"என்ன சொல்லுத?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தோசை அவர் பொறுப்பு. மூன்றாவது தோசையைத் தட்டில் போட்டுவிட்டு வழக்கம்போல "இன்னொண்ணு?" என்றார். வழக்கம்போல "போதும்" என்றேன். துணி காய்ந்துவிட்டது, மடிக்க வேண்டும்.

ஜனவரி 2, வெள்ளி

காலனியில் இருபது வயதுக்காரர்கள் யாரும் இல்லை. எல்லோரும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். எங்கள் மித்ராவும் கோயம்புத்தூர் விடுதியில். ஆகவே காதலர்கள் இருவரையும் நாற்பதுகளில் தேட வேண்டியதாயிற்று. முதலில் நாலாம் தெரு பல் வைத்தியரைக் கேட்டார்கள். அவர் மனைவி, "டாக்டர் வடை திங்கதப் பாத்தா யாரு பல்லு காட்ட வருவா?" என்று மறுத்துவிட்டாராம். நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"சாருக்கு வடை திங்கிற முகம் இருக்கு," என்றான் ஜெபசிங். எதிர் வரிசையில் குடியிருக்கிறான், கல்யாண வீடியோ எடுப்பவன், இந்தப் படத்துக்கு இயக்குநர், ஒளிப்பதிவாளர் எல்லாம்.

கோ.நா. என்னைப் பார்த்தார். நான் "உங்க இஷ்டம்" என்று சொல்வதற்குள் அண்ணாச்சி கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். கதாநாயகி மெர்சி டீச்சர். பள்ளியில் கணக்கு எடுக்கிறவள், முப்பத்தெட்டு வயது, சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

எனக்கும் வேலை கொடுத்தார்கள். கன்டினியூட்டி. ஒரே காட்சியைத் துண்டு துண்டாக வெவ்வேறு நாளில் எடுப்பார்களாம். சட்டைப் பொத்தான், தலைமுடி, கையில் இருக்கும் பொருள் எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். அதைப் பார்த்து எழுதி வைக்க ஓர் ஆள் வேண்டும்.

"அக்காதான் சரி. காலேஜ்ல கெமிஸ்ட்ரி லேபுல புள்ளைகள எழுத வைக்கீங்கல்லா, அதே மாதிரிதான்," என்றான் ஜெபசிங்.

சரிதான். உப்புப் பகுப்பாய்வில் மூன்று கட்டம்: சோதனை, உற்றுநோக்கல், அறிவன (பார்த்ததில் இருந்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்பது). பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளிடம் ஒன்றையேதான் சொல்லிவருகிறேன்: இரண்டாவது கட்டத்தில் பார்த்ததை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே. ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். மூன்றாவது கட்டம் இதற்குத் தேவையில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

முதல் நாள் படப்பிடிப்பு. சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு வடைக்கடை. வடைக்கு மாவு ஆட்டியது நான், சுட்டது மெர்சி.

கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய கை ஜெபசிங்குடையது. "சார், பொண்ணப் பாத்து லேசாச் சிரிங்க. மேடம், மாப்ளைக்கு வடைய ஊட்டுங்க. ரெண்டு பேரும் கேமராவ." அண்ணாச்சி கத்தினார்: "ஏ ஜெபசிங்கு, இன்னும் கல்யாணம் ஆகலவே! இப்பந்தான் மொதல் வடை!"

பெரிய சிக்கல் வடையில். ஒரு கடி கடித்த பிறகு கேமராவைப் பக்கவாட்டில் வைத்து எடுக்க வேண்டும். அதற்குள் கோ.நா. அதைத் தின்றுவிட்டார். புது வடையில் அதே அளவுக்குக் கடிக்க வேண்டும். பெரிதாகக் கடித்துவிட்டார். அடுத்தது சிறிதாக. "பிறை மாதிரி கடிங்க சார், முழுநிலா மாதிரி வேண்டாம்," என்றான் ஜெபசிங். கடைசியில் நானே ஒரு வடையை எடுத்து ஓரத்தில் கடித்து, முதல் வடையின் படத்தோடு ஒப்பிட்டுக் கொடுத்தேன். இம்மி பிசகவில்லை.

"அவரு கடி அளவு அக்காவுக்குக் கரெக்டாத் தெரிஞ்சிருக்கு!" என்று மெர்சி சிரித்தாள்.

மொத்தம் பதினேழு வடை. கோ.நா.வுக்கு ராத்திரி சாப்பாடு கிடையாது, சீரகத் தண்ணீர்தான்.

ஜனவரி 6, செவ்வாய்

நாக்பூரில் இன்று காலை பன்னிரண்டு டிகிரி. சும்மா பார்த்தேன்.

ஜனவரி 10, சனி

நோட்டில் இருந்து:

காட்சி 3. கோ.நா.: நீலச் சட்டை, மேல் பொத்தான் திறந்து. இடது கை மடிப்பு மூன்று, வலது கை மடிப்பு இரண்டு (எப்போதும் இப்படித்தான்). நெற்றியில் முடி ஒரு கீற்று, வலப்பக்கம். வசனத்துக்கு முன் தொண்டையைச் செருமினார். பைக்கில் இருந்து இறங்கும்போது இடது முழங்காலில் வலி; காட்டிக்கொள்ளவில்லை. சிரிக்கும்போது முதலில் கண், பிறகு வாய். மெர்சி டீச்சர்: மஞ்சள் சேலை.

இன்று பைக் காட்சி. மெர்சி பின்னால் உட்கார்ந்துகொண்டு "ஒரே ஒரு ரவுண்டு!" என்று கெஞ்ச வேண்டும், அவர் அல்டாப்பாக மறுக்க வேண்டும். நன்றாகச் செய்தார். இந்த மனிதருக்கு அல்டாப்பு வரும் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் இதே மாதிரி ஒரு பைக்கில் குற்றாலம் கூட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது ஆலங்குளம் பக்கத்தில் பெட்ரோல் தீர்ந்து, இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் "ஏளா, கோவமா? ஏளா, கால் வலிக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இப்போதெல்லாம் ஏளா என்று கூப்பிடுவதில்லை. ஆவுடை என்கிறார், அதுவும் என் பெயர்தான்.

கடைக்குப் போக வேண்டும். உளுந்து தீர்ந்துவிட்டது.

ஜனவரி 12, திங்கள்

காலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே கேட்டார்.

"முப்பதாந் தேதிக்குள்ள எழுதிக் குடுக்கணும். நெனச்சுப் பாத்தியா?"

"போறது நீங்க. நான் என்ன நெனைக்க?"

"இல்ல, ஒனக்குத் தனியா இருக்க…"

"எனக்கென்ன, காலேஜ் இருக்கு. ஒத்தாளுக்குச் சமையல்னா வேலையும் குறைவு."

அவர் இரண்டாவது ஷூவை எடுத்தார். அதற்கு ஏற்கெனவே பாலிஷ் போட்டாயிற்று. மறுபடியும் போட்டார்.

இதை எழுதித்தான் வைக்க வேண்டும் போலிருக்கிறது. மித்ராவுக்கு மூன்று வயது இருக்கும்போது அவருக்கு போபாலுக்குப் பதவி உயர்வு வந்தது. நான் அழுதேன். போகாதீங்க என்று சொன்னேன், ஒரு தடவை இல்லை, ஒரு வாரம். அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்குக் கீழே இருந்த மூன்று பேர் அவருக்கு மேலே போனார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தைதான் (அவர் அம்மா) சொன்னார்கள், இதே வீட்டுக் கூடத்தில் நின்று: "புருசன் மேல ஆசை இருக்கலாம். அதுக்கும் ஒரு அளவு வேணும். பேராசைப் பட்டவ அவன் முன்னேத்தத்தையே தின்னுட்டா." அத்தை இறந்து ஆறு வருடம் ஆகிறது. நல்ல மனுஷி. மற்றபடி என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

அதன் பிறகு நான் எதுவும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது பழகிவிட்டால் பெரிய கஷ்டமில்லை, கண்ணாடி போட்டுக்கொள்வது மாதிரி.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. மித்ரா வந்திருக்கிறாள். அப்பாவை வீட்டில் நடமாடும் இடமெல்லாம் "ஹீரோ சார், தண்ணி எடுத்துக் குடுங்க" என்று வேலை வாங்கினாள். கரும்பு வெட்டும்போது என்னிடம், "அம்மா, அப்பா நாக்பூர் போறாங்களா இல்லையா?" என்றாள்.

"அப்பாகிட்ட கேளு."

"கேட்டேன். அம்மாகிட்ட கேளுங்காங்க. நீங்க ரெண்டு பேரும் பேசுதத பாத்தா, கதவு முன்னால நின்னுக்கிட்டு நீங்க முதல்ல நீங்க முதல்லன்னு சொல்லுதவங்க மாதிரி இருக்கு. ரெண்டு பேரும் வெளியவே நிப்பீங்க."

கரும்பு இந்த வருடம் இனிப்புக் குறைவு.

ஜனவரி 18, ஞாயிறு

கடைசிக் காட்சி. மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும், நடுவில் ஒரே வடை. திரைக்கதைப்படி இருவரும் பாய்ந்து பிடிக்க வேண்டும். பிய்ந்துவிடும். பெரிய பாதி அவர் கையில் வர வேண்டும். அவர் அதைச் சட்டென்று வாயில் போட்டுக்கொள்ள, மெர்சி சின்னப் பாதியைப் பார்த்து அழ வேண்டும். வணக்கம் போட்டு முடிக்க வேண்டும்.

முதல் டேக். வடை பிய்ந்தது. பெரிய பாதி அவர் கையில். அவர் அதை மெர்சியிடம் நீட்டிவிட்டார்.

"கட்! சார், நீங்க பேராசைக்காரரு! நீட்டப்பிடாது, திங்கணும்!"

இரண்டாவது டேக்கிலும் நீட்டினார். மூன்றாவதில் வாய் வரை கொண்டுபோய் நீட்டினார். அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். "கோமதிநாயகம், ஒரே ஒரு வடை, கண்ண மூடிட்டு முழுங்கும்யா! எங் கதையக் கெடுத்துப்புடாதேரும்!"

"வேணும்னு செய்யல அண்ணாச்சி, கை தானாப் போகுது," என்றார் பாவமாக.

ஏழு டேக். ஏழிலும் பெரிய பாதியைக் கொடுத்துவிட்டார். கடைசியில் ஜெபசிங் கதையை மாற்றி, மெர்சியே அவர் கையில் இருப்பதையும் பிடுங்கித் தின்பதாக எடுத்துக்கொண்டான். அதுதான் இன்னும் சிரிப்பு.

வீட்டில் அப்பம், அடை, அதிரசம் எது மிஞ்சினாலும் இரண்டாகப் பிய்த்து வைப்பவர் அவர். பெரிய பாதி எப்போதும் என் தட்டில்தான் இருக்கும். இதை நான் கவனித்ததே இல்லை என்று எழுத வந்தேன். கவனித்திருக்கிறேன்.

ஜனவரி 22, வியாழன்

பீரோவின் மேல் தட்டில் இருந்து அவர் கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டேன். தன் பாட்டுக்குப் போகிறவர், நாலு சாமானாவது சரியாகக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதினேன். கம்பளிச் சட்டை, இட்லிப்பொடி, முழங்கால் தைலம், சின்ன இட்லிக் கொப்பரை, வெந்நீர்ப் பை. மொத்தம் முப்பத்தொன்று. மறக்காமல் இருக்கட்டும் என்று சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்புக்கு அடியில் வைத்திருந்தேன்.

அலுவலகத்தில் இருந்து வந்தவர் அதைப் பார்த்தார். முழுவதும் படித்தார்.

"அதுக்குள்ள லிஸ்ட் போட்டாச்சோ?"

"கடைசி நேரத்துல ஓட வேண்டாம்லா."

"ஆமா," என்றார். "நல்லதாப் போச்சு." சட்டையைக் கழற்றாமலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். காபியில் சர்க்கரை குறைவு என்று சொல்லவில்லை. குறைவாகத்தான் இருந்தது, நான் பிறகு குடித்துப் பார்த்தேன்.

ஜனவரி 26, திங்கள்

மாலை ஆறரைக்குக் கொடிக்கம்பத்துப் பக்கம் திரை கட்டி, நாற்காலி போட்டு, காலனி முழுவதும் உட்கார்ந்துவிட்டது. நான் மூன்றாவது வரிசை. அவர் முன் வரிசையில், வேட்டி சட்டையில், மாப்பிள்ளை மாதிரி வியர்த்துக்கொண்டிருந்தார்.

படம் பன்னிரண்டு நிமிடம். முதல் இரண்டு நிமிடம் அண்ணாச்சி எதிர்பார்த்த இடங்களில் சிரித்தார்கள். பிறகு அவர் எதிர்பார்க்காத இடங்களில் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

வடையை வாங்கும்போது மெர்சியின் நெற்றியில் பொட்டு இருந்தது. கோ.நா. வடையைக் கடித்ததும் பொட்டைக் காணோம். விழுங்கியதும் பொட்டு வந்துவிட்டது. மெர்சி வீட்டில் பொட்டு வைக்கிற வழக்கம் இல்லை, அதனால் சில நாள் ஒட்ட மறந்திருக்கிறாள். அதோடு போகவில்லை. ஒரு சொல் பேசும்போது தலை நிறைய மல்லிகை, அடுத்த சொல்லுக்குக் கனகாம்பரம். காதில் ஜிமிக்கி, தோடு, மறுபடி ஜிமிக்கி. பைக்கில் ஏறும்போது மூக்குக்கண்ணாடி இல்லை, இறங்கும்போது இருந்தது. பின்னால் இருந்து ஒரு குரல்: "ஏ, பைக்கு போற வேகத்துல கண்ணாடி மாட்டிக்கிட்டாங்கடே!" கூட்டம் நாற்காலியில் இருந்து சரிந்து சிரித்தது.

கோ.நா. மட்டும் பன்னிரண்டு நிமிடமும் ஒரு மயிரிழை மாறவில்லை. நாலு வெவ்வேறு நாளில் எடுத்ததில் நெற்றிக் கீற்று அதே இடம். மடிப்பு இடது மூன்று, வலது இரண்டு. வடையின் கடி அளவு அச்சடித்தது போல.

விளக்கு போட்டதும் மெர்சி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "அக்கா, நானும் அந்தப் படத்துல இருந்தேன் அக்கா! ஒரே ஒரு பொட்டு, ஏறிட்டுப் பாத்துச் சொல்லப்பிடாதா?"

"யாரு கன்டினியூட்டி பாத்தது?" என்று பல் வைத்தியர் கேட்டார். ஜெபசிங் மைக்கில் இருந்தான், என் நோட்டும் அவன் கையில் இருந்தது. "தப்பு எம்மேல இல்ல, அக்கா எழுதுனதப் பாத்துத்தான் துண்டுகள ஒட்டுனேன். கேளுங்க," என்று காட்சி மூன்றை எடுத்துப் படித்துவிட்டான். இடது கை மடிப்பு மூன்று. எப்போதும் இப்படித்தான். முழங்காலில் வலி, காட்டிக்கொள்ளவில்லை. முதலில் கண், பிறகு வாய். மெர்சி டீச்சர்: மஞ்சள் சேலை.

பிறகு யாரோ விசில் அடித்தார்கள். முன் வரிசையில் அவர் திரும்பிப் பார்த்தார்.

அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன். பால் வைக்கவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

காலையில் நான் எழுந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஜெபசிங்கிடம் இருந்து வாங்கி வந்த படப்பிடிப்பு நோட்டைப் படித்துக்கொண்டிருந்தார், கணக்குத் தணிக்கை செய்கிறவர் மாதிரி, பக்கத்துக்குப் பக்கம் விரல் வைத்து.

"எனக்கு முழங்கால் வலின்னு யாரு சொன்னா?"

"படி எறங்கும்போது கைப்பிடியப் பிடிக்கீங்க."

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

"தீவாளிக்கு முந்தியே."

"கேக்கவே இல்லையே."

"நீங்க சொல்லலையே."

நோட்டை மூடினார். "இம்புட்டு பாக்கிறவ, போகாதீங்கன்னு ஒரு சொல்லு சொல்லல. முப்பத்தொரு சாமானுக்கு லிஸ்ட் போட்டு வச்சிருக்க. என்னைய வழியனுப்ப அவ்வளவு அவசரம்னு நெனச்சேன்."

"ஒரு தடவ சொன்னேன்லா, போபாலுக்கு. அது போதும். உங்க முன்னேத்தத்தத் தின்னவள்னு பேரு எடுத்தது போதும்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார்: "ஆவுடை, நான் போபாலுக்குப் போகாதது நீ அழுததுக்காக இல்ல."

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எனக்குப் போகவே மனசில்ல. ஒரு வார்த்த இந்தி தெரியாது. புதுசா ஒரு ஆபீஸ், பத்துப் பேர நான் வேல வாங்கணும். பயந்துட்டேன். வேண்டாம்னு எழுத நானே ஒரு காரணம் தேடிக்கிட்டிருந்தேன். நீ அழுத. நல்ல சாக்காப் போச்சு."

"அத்தை என்னையச் சொன்னாங்களே."

"ஆமா."

"கூடத்துல. நீங்க அந்தத் தூண்கிட்டதான நின்னீங்க."

"நின்னேன்."

"நின்னீங்க," என்றேன். குளிக்கப் போய்விட்டேன். கல்லூரியில் முதல் மணி தவறிவிட்டது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

ஜனவரி 28, புதன்

பேசவில்லை. ரசத்தில் உப்புப் போடவில்லை. மறந்துதான். அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜனவரி 29, வியாழன்

பதினாறு வருடம். அந்தத் தூணைத் தாண்டும்போதெல்லாம் நான் கொஞ்சம் குனிந்துதான் போயிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. நேற்று முழுவதும் அவர்மேல் கோபப்பட்டேன். நியாயமான கோபம், அதில் ஒரு சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் இன்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உப்புச் சோதனை. ஒருத்தி இரண்டாவது கட்டம் முழுவதும் அழகாக எழுதிவிட்டு மூன்றாவதைக் காலியாக விட்டிருந்தாள். "என்னம்மா, வீழ்படிவு வந்திருக்கு, நிறம் எழுதியிருக்கே. என்ன உப்புன்னு எழுதலையே?" என்றேன். "எழுதுனா தப்பாயிருமோன்னு பயம் மேம்," என்றாள். அவள் நோட்டைத் திருத்தாமல் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன்.

அவர் என் அழுகையைச் சாக்காக்கிக்கொண்டார். நான் அத்தையின் ஒரு வாக்கியத்தை. எதுவும் வேண்டாம் என்று இருப்பவளுக்கு யாரும் எதையும் மறுக்க முடியாது. அது ஒரு வசதி. பேராசைக்காரி என்றார்கள், பட்டினி கிடந்து காட்டினேன். யாருக்குக் காட்டினேன் என்று தெரியவில்லை. அவரும் அந்த அடுப்புப் பக்கத்தில் நின்று ஞாயிற்றுக்கிழமைதோறும் இன்னொண்ணு என்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நாளை முப்பது.

ஜனவரி 30, வெள்ளி

ஆறரைக்குச் சமையலறையில் சத்தம். போய்ப் பார்த்தால் தோசைக்கல் அடுப்பில். வெள்ளிக்கிழமை தோசைக்கு முறை இல்லை. அவர் தோளில் துண்டோடு நின்று கல்லில் வெங்காயம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடிதம் மிக்ஸிக்குப் பக்கத்தில், மேலே பேனா.

நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்புத் திண்டில் சாய்ந்து நின்றேன். மூன்று தோசை தின்றேன்.

"இன்னொண்ணு?" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கேட்டார்.

"போடுங்க," என்றேன்.

கரண்டி மாவுப் பாத்திரத்துக்கு மேலே அப்படியே நின்றது. "என்னது?"

"இன்னொண்ணு போடுங்கன்னேன். முறுகலா."

ஊற்றினார். வட்டம் கோணலாக வந்தது. அது வேகும்போதே சொன்னேன். நிறுத்தினால் வராது என்று தெரியும். "அத்த சொன்னப்ப நீங்க வாயத் திறந்திருக்கணும். அத நான் மறக்க மாட்டேன்."

"சரி."

"மாசத்துக்கு ஒரு தடவயாவது சொல்லிக் காட்டுவேன்."

"சரி."

"நாக்பூருக்குச் சம்மதம்னு எழுதிக் குடுங்க. பத்துப் பேர வேல வாங்குங்க. இந்தி படிங்க."

அவர் முகம் விழுந்தது. "ம்," என்றார்.

"என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

தோசைத் திருப்பி கையில் இருந்து நழுவியது.

"காலேஜுல ஒரு வருசம் சம்பளமில்லாம லீவு கேக்கப் போறேன். கெடைக்கும், விசாரிச்சுட்டேன். மிச்ச ரெண்டு வருசத்தப் பத்தி அப்புறம் யோசிப்போம். எனக்கு அங்க மாடிப்படி இல்லாத வீடு வேணும், உங்க முழங்காலுக்கு. கிழக்கப் பாத்த சன்னல் வேணும். ஞாயித்துக்கிழமை பைக்குல எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போகணும், பெட்ரோல் போட்டுட்டு. அப்புறம்…" மூச்சு வாங்கியது. இவ்வளவு இருக்கும் என்று எனக்கே தெரியாது. "அப்புறம் ஆவுடைன்னு கூப்பிடாதீங்க."

அவர் சிரித்தார். முதலில் கண், பிறகு வாய், பிறகு தோள் எல்லாம் குலுங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வெக்கை என்றார்.

"பேராசைக்காரி," என்றார். "ஏளா, இன்னொண்ணு இருக்கா, இவ்வளவுதானா?"

"தோசை கருகுது."

கருகித்தான் போயிருந்தது. அதை அவர் தின்றார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டபோது கடிதத்தின் ஓரத்தில் மாவு ஒட்டிக்கொண்டது. அப்படியே கொண்டுபோயிருக்கிறார்.

மாவு தீர்ந்தது. கோ.நா. நாலு, நான் ஆறு. மிஞ்சிய கடைசித் தோசையை வழக்கம்போல இரண்டாகப் பிய்த்தார். அவர் கை நீட்டுவதற்கு முன்னால் பெரிய பாதியை நானே எடுத்துக்கொண்டேன்.